தோள் மாற்றும் வித்தை

பெருமாள் கோயில் உற்சவம் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். தோளுக்கினியானில் சுவாமி எழுந்தருளி வருகிறார். ஸ்ரீபாதந்தாங்கிகள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். நடந்துகொண்டே ஒருவர் விலக, வேறொருவர் தோள் கொடுக்கிறார். பல்லக்கு நிற்பதில்லை; குடை சாய்வதில்லை; சாத்திய மாலை கூட அசைவதில்லை. ஆள் மாறியதே கூட்டத்தில் பலருக்குத் தெரியாது. தெரியாமல் மாறுவதுதான் அந்த வித்தையின் சிறப்பு.

இந்த வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்டது மோட்டார் வண்டியின் ஆட்டோமாட்டிக் கியரைப் பற்றி. கோயிலுக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் புருவத்தை நெரிக்க வேண்டாம். வண்டிக்குள்ளேயும் ஒரு பாரம் இருக்கிறது. அதைத் தாங்கும் தோள்களும் இருக்கின்றன. ஒரு கியரிலிருந்து மற்றொரு கியருக்குப் போவதென்பது தோள் மாற்றுவதன்றி வேறல்ல. அது சரியாக நடந்தால் உள்ளே இருக்கும் பாட்டியின் தூக்கம் கலையாது. தவறினால் எல்லோருடைய தலையும் ஒருமிக்க ஆடும்.

இது பெரிய மனிதர்களின் விளையாட்டுச் சாமானைப் பற்றிய பேச்சு என்றும் எண்ண வேண்டாம். நம் நாட்டில் ஆட்டோமாட்டிக் வண்டிகள் இப்போது சாதாரணக் குடும்பங்களிலும் புகுந்துவிட்டன. முதுகுவலி உள்ள தகப்பனாருக்காக வாங்குகிறார்கள். இடது காலில் வலுவில்லாதவர்கள், பிறர் தயவின்றிப் போய்வர வேண்டும் என்று வாங்குகிறார்கள். இப்படி வாங்கிய வண்டி ஒருநாள் கியர் மாறும்போது வெட்டி இழுக்கத் தொடங்கினால் குடும்பத் தலைவருக்கு வயிற்றைக் கலக்குகிறது. பட்டறைக்குப் போனால், கியர் பெட்டியை இறக்க வேண்டும் என்கிறார்கள். செலவோ சாமான்யமானதல்ல. குற்றம் உண்மையில் கியர் பெட்டியில்தானா என்று கேட்பதற்கு, உள்ளே நடப்பது இன்னதென்று ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில், கியர் எதற்கு? பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு பலவீனம் உண்டு. நிமிஷத்துக்கு எழுநூறு எண்ணூறு சுற்றுக்குக் கீழே போனால் அது திணறி நின்றுவிடும். ஆறாயிரம் ஏழாயிரத்துக்கு மேல் போனால் தன்னையே கெடுத்துக்கொள்ளும். இந்த இரண்டு எல்லைக்குள்ளேதான் அதன் சாமர்த்தியமெல்லாம். ஆனால் வண்டியோ நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகம் வரை போக வேண்டியிருக்கிறது. எஞ்சினுடைய சுற்றுக்கும் சக்கரத்தின் சுற்றுக்கும் இடையே அவ்வப்போது விகிதத்தை மாற்றிக் கொடுக்கும் தரகர்தான் கியர் பெட்டி.

1890-களில் பிரான்ஸ் தேசத்துப் பனார், லெவாஸர் என்ற இருவருடைய வண்டிகளில், பல்சக்கரங்களை நகர்த்தி ஒன்றோடொன்று மோதவிடும் முறை வந்தது. இது முரட்டு வழிதான், ஆனாலும் வேலை நடக்கிறது என்று லெவாஸர் சொன்னதாகச் சொல்வார்கள். அந்த நாளில் டிரைவராக இருப்பதற்கு நல்ல காது வேண்டும். எஞ்சினின் சுருதியைக் கேட்டு, கிளட்சை இருமுறை மிதித்து, சக்கரங்கள் ஒரே வேகத்துக்கு வந்த கணத்தில் கியரைத் தள்ள வேண்டும். ஒரு கணம் தப்பினால் கியர் பெட்டி அலறும். 1928-ல் அமெரிக்காவில் காடிலாக் வண்டியில் ஸிங்க்ரோமெஷ் என்ற ஏற்பாடு வந்து அந்த அலறலை நிறுத்தியது. அதை அமைத்தவர் ஏர்ல் தாம்ப்ஸன் என்ற எஞ்சினியர்.

அதே தாம்ப்ஸனின் தலைமையில் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சினியர்கள் அடுத்த படியையும் ஏறினார்கள். 1939-ல் ஹைட்ரா-மாட்டிக் என்ற தானியங்கிக் கியர் பெட்டி அறிவிக்கப்பட்டு, 1940-ம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் வண்டியில் விற்பனைக்கு வந்தது. அதில் கிளட்ச் மிதியே கிடையாது. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் நிரம்பிய கூடு. கூட்டுக்குள் எதிரெதிராக இரண்டு விசிறிகள். ஒரு விசிறி எண்ணெயைச் சுழற்ற, அந்தச் சுழலில் மற்றதும் சுழலும். இந்தத் தத்துவம் ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மானியர் 1905-ல் கப்பல்களை உத்தேசித்துப் பேடண்ட் வாங்கியது. கடலில் பிறந்தது தெருவுக்கு வந்தது.

கியரை மாற்றும் புத்தி அந்தப் பெட்டிக்கு எங்கிருந்து வந்தது? அதுவும் எண்ணெயிலிருந்துதான். வண்டியின் வேகம் கூடக் கூட ஓர் எண்ணெய் அழுத்தம் ஏறும். டிரைவர் காலை அழுத்த அழுத்த வேறோர் அழுத்தம் ஏறும். ஒரு சிறு வால்வின் இரு முனைகளிலும் நின்று இவை இரண்டும் மல்லுக்கட்டும். வேகத்தின் அழுத்தம் வென்றால் மேல் கியர். காலின் அழுத்தம் வென்றால் கீழ் கியரே நீடிக்கும். மின்சாரக் கணக்குப்பிள்ளை ஒருவரும் இல்லாமலே நடந்த அந்த வழக்காடுதல் மனித புத்தியின் அழகான சிருஷ்டிகளில் ஒன்று என்பது நம் அபிப்பிராயம். இரண்டாவது மகாயுத்தத்தில் இந்தப் பெட்டியை அமெரிக்கர்கள் இலகு டாங்கிகளிலும் பொருத்தினார்கள். பிற்பாடு 1950-களில் இங்கிலாந்தின் ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியே இதை அனுமதி பெற்றுச் செய்துகொண்டது.

ஆயினும் ஹைட்ரா-மாட்டிக்குக்கு ஒரு சங்கடம் இருந்தது. அதன் நாலு கியர்களும் முன்னும் பின்னுமாக இரண்டு பல்சக்கரத் தொகுதிகளின் சேர்க்கையால் உண்டானவை. இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகும்போது முன் தொகுதி ஒரு பிடியை விட்டு மற்றொன்றைப் பற்ற வேண்டும். அதே கணத்தில் பின் தொகுதியும் அப்படியே செய்ய வேண்டும். நாலு தோள்கள் ஏககாலத்தில் மாறுவதற்குச் சமானம். ஒரு தோள் முந்தி விலகினால் பாரமில்லாத எஞ்சின் வீறிட்டு ஓடும். ஒன்று பிந்தி விலகினால் இரண்டு பிடிகள் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்க, வண்டி தூக்கிப் போடும். இந்த உதறலுக்குப் பயந்து ப்யூக் வண்டிக்காரர்கள் 1948-ல் டைனாஃப்ளோ என்ற பெட்டியைக் கொண்டுவந்தார்கள். சாதாரண ஓட்டத்தில் அது கியரே மாற்றாது. எல்லாவற்றையும் எண்ணெய்ச் சுழலே பார்த்துக்கொள்ளும். பட்டுப்போல் போகும், வாஸ்தவம். ஆனால் கிளம்புவதற்குச் சோம்பல்; பெட்ரோலும் அதிகம். சோம்பலோடு கூடிய மென்மை வேண்டுமா, உதறலோடு கூடிய சுறுசுறுப்பு வேண்டுமா என்பதே பல வருஷங்களுக்கு எஞ்சினியர்களின் தலைவலியாக இருந்தது.

இந்த உதறல் எங்கிருந்து பிறக்கிறது? சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றில் ஓடுகிறது. மேல் கியர் விழுந்ததும் அது 2,000 சுற்றுக்கு இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் வேகம் அந்த அரை விநாடியில் மாறப் போவதில்லை. எஞ்சின்தான் இறங்கி வர வேண்டும். சுழலும் பாகங்களின் ஜடத்துவம் 0.2 கிலோகிராம்-சதுர மீட்டர் என்று கொண்டால், இந்த இறக்கத்தில் அது விட்டுக்கொடுக்க வேண்டிய சக்தி சுமார் 5,500 ஜூல். 50 கிலோ அரிசி மூட்டை ஒன்றைப் பதினோரு மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்குப் போதுமான சக்தி இது! அரை விநாடிக்குள் இது எங்கேயாவது போய்த் தொலைய வேண்டும். ஒரு பங்கு கிளட்சில் உஷ்ணமாகிறது. ஒரு பங்கு சக்கரங்களுக்குப் போய் வண்டியை முன்னே தள்ளுகிறது. இதற்கு மேல், எஞ்சின் அந்த நேரத்திலும் பெட்ரோலை எரித்துப் புதிய சக்தியை உண்டுபண்ணிக்கொண்டே இருக்கிறது.

ஆகவே பிரயாணி இரண்டு விஷயங்களை உணர்கிறார். பாரம் பழைய கிளட்சிலிருந்து புதிய கிளட்சுக்குக் கை மாறும்போது இழுப்பு சற்றே தொய்கிறது. பிறகு எஞ்சின் சுற்று இறங்கும்போது முதுகில் ஒரு தள்ளு. தொய்வும் தள்ளுமாகச் சேர்ந்ததுதான் தலையாட்டல். வண்டி வேகமெடுப்பதை நம் உடம்பு அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அந்த வேகமெடுப்பு திடீரென்று கூடிக் குறைவதைத்தான் அது பொறுப்பதில்லை.

இதைத் தணிக்க வெகுகாலம் கியர் பெட்டியை மட்டுமே திருத்திக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் அழுத்தத்தை மெதுவாக ஏற்றிப் பார்த்தார்கள். மெதுவாக ஏற்றினால் உதறல் குறைந்தது; ஆனால் கிளட்ச் நெடுநேரம் வழுக்கிச் சூடேறித் தேய்ந்தது. வேகமாக ஏற்றினால் கிளட்ச் பிழைத்தது. பிரயாணியின் கழுத்து வலித்தது. கியர் பெட்டி எவ்வளவு கெட்டிக்காரனானாலும், தோள் மாற்றும் சமயத்தில் பாரம் முழுவதும் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தால் அது என்ன செய்யும்? பல்லக்கே அந்த அரை விநாடி மட்டும் தன் பாரத்தைக் குறைத்துக்கொள்ள முன்வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

அந்த அதிசயந்தான் பிற்பாடு நடந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் கியர் பெட்டிக்குச் சிறு கம்ப்யூட்டரைக் காவல் வைத்தார்கள். எஞ்சினுக்கு ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. இரண்டையும் பேசவைத்தால் என்ன என்ற யோசனை பிறந்தது. 1989-ல் டொயோட்டா கம்பெனி லெக்ஸஸ் எல்.எஸ். 400 என்ற வண்டியை வெளியிட்டபோது, கியர் மாறும் கணத்தில் எஞ்சினின் திருகுவிசையைக் குறைக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. கியர் பெட்டி, "இதோ மாறப் போகிறேன், கொஞ்சம் தணிந்து போ" என்கிறது. எஞ்சின் தணிகிறது. மாறி முடிந்ததும் பழைய பலத்தோடு இழுக்கிறது. டிரைவரின் கால் அசையவே இல்லை.

எஞ்சின் எப்படி அவ்வளவு விரைவில் தணிகிறது என்பது சுவையான விஷயம். காற்று போகும் வாயிலைச் சற்று மூடலாம். ஆனால் குழாயில் ஏற்கெனவே புகுந்துவிட்ட காற்று தீர வேண்டுமே? அதற்குள் கியர் மாறியே முடிந்துவிடும். ஆகையால் நெருப்புப் பொறியில் கை வைக்கிறார்கள். சாதாரணமாகப் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறி விழும். அதைக் கொஞ்சம் தாமதித்து விழச் செய்தால், வெடிப்பின் பலத்தில் ஒரு பகுதி பிஸ்டனைத் தள்ளாமல் உஷ்ணமாகப் புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் 3,000 சுற்றில் ஓடும்போது விநாடிக்கு 100 பொறிகள். ஆகவே அடுத்த உத்தரவு நூற்றில் ஒரு பங்கு விநாடியிலேயே அமுலுக்கு வந்துவிடும். எந்த சர்க்காரிலும் இவ்வளவு வேகமாக உத்தரவு அமுலானதாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஆனால் இதை நெடுநேரம் நீடிக்கவிட்டால் புகைக்குழாய் மிதமிஞ்சிச் சூடாகும். அதனால் கணநேர உபாயமாகவே வைத்திருக்கிறார்கள். டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. அங்கே பீச்சும் எண்ணெயின் அளவைக் குறைத்தால் அதே பலன் கிட்டுகிறது.

கீழ் கியருக்கு இறங்கும்போது காரியம் தலைகீழ். மலைப்பாதையில் லாரியை முந்துவதற்காகக் காலை அழுத்துகிறோம். இப்போது எஞ்சின் சுற்று ஏற வேண்டும். பழைய கிளட்சைச் சற்றே நழுவவிட்டு, எஞ்சின் தன் பலத்தாலேயே சுற்றேறும்படி விட்டு, புதிய கியருக்கு ஏற்ற சுற்றை எட்டும் கணத்தில் புதிய கிளட்சைப் பற்றவைக்க வேண்டும். பழைய டிரைவர்கள் காதால் கேட்டுச் செய்த அதே வேலையை, கம்ப்யூட்டர் எண்களைக் கொண்டு செய்கிறது.

இரண்டு கம்ப்யூட்டர்களும் பேசுவதற்கு ஒரு பாஷை வேண்டுமல்லவா? ஜெர்மனியின் போஷ் கம்பெனி 1986-ல் கான் என்ற ஒரு கம்பித் தபால் முறையை வெளியிட்டது. ஒரே ஜோடிக் கம்பியில் வண்டியின் பல கம்ப்யூட்டர்களும் செய்தி அனுப்பலாம். அவசரச் செய்தி முந்திக்கொள்ளும். அதற்குப் பிறகு பேச்சு இன்னும் நுணுக்கமாயிற்று. "தணிந்து போ" என்று பொதுவாகச் சொல்லாமல், "இத்தனை நியூட்டன்-மீட்டருக்கு மேல் வேண்டாம்" என்று கணக்காகக் கேட்கிறது கியர் பெட்டி. "இத்தனைதான் தருகிறேன்" என்று பதில் சொல்கிறது எஞ்சின். அந்தப் பதிலை நம்பித்தான் கியர் பெட்டி தன் கிளட்சை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பதென்று தீர்மானிக்கிறது. 1940-ல் நாலாக இருந்த கியர்கள் 2001-ல் ஆறாகி, 2006-ல் எட்டாகி, 2017-ல் பத்தான போதும் பிரயாணி உணராதபடி மாறுவதற்கு இந்த உடன்படிக்கையே முக்கிய காரணம்.

நம் நாட்டில் அதிகம் பரவியிருக்கும் மலிவான தானியங்கி முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014-ல் மாருதி சுசுகி செலேரியோ வண்டியில் வந்த ஏ.எம்.டி. என்பது, சாதாரணக் கியர் பெட்டியையே வைத்துக்கொண்டு, கிளட்ச் மிதிக்கும் காலையும் கியர் தள்ளும் கையையும் மட்டும் யந்திரமாக்கிய ஏற்பாடு. அதில் கிளட்ச் ஒன்றே ஒன்று. ஒரே தோளில் தூக்குபவன் தோள் மாற்ற வேண்டுமானால் பாரத்தைக் கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே கியர் மாறும்போது இழுப்பு ஒரு கணம் அறவே நின்று மறுபடி வருகிறது. இது கோளாறல்ல, அதன் பிறவிக் குணம். மாறும் தறுவாயில் டிரைவர் காலைச் சற்றுத் தளர்த்திக் கொடுத்தால் தலையாட்டல் பெரிதும் குறையும்.

இப்போது பட்டறை விஷயத்துக்கு வருவோம். எஞ்சின் சொல்லும் கணக்கை நம்பியே கியர் பெட்டி நடக்கிறது என்று பார்த்தோம். அந்தக் கணக்கே பொய்யானால்? உள்ளே போகும் காற்றை அளக்கும் கருவியில் அழுக்கு படிந்திருக்கலாம். எஞ்சின் தன் பலத்தைக் குறைத்துச் சொன்னால் கிளட்ச் தளர்ந்து வழுக்கும். கூட்டிச் சொன்னால் முரட்டுத்தனமாகப் பிடிக்கும். ஒரு பிளக் சரியாக எரியாமலிருந்தால் வரும் நடுக்கமும் கியர் கோளாறு போலவே தோன்றும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருந்தால் கியர் மாறுந்தோறும் தட்டும். மின்சார இணைப்பு ஏதேனும் பழுதானால், பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எண்ணெய் அழுத்தத்தை உச்சத்தில் வைத்து ஒரே கியரில் நின்றுவிடும். பார்ப்பவர்கள் பெட்டியே தீர்ந்துவிட்டதென்று நினைப்பார்கள். இவற்றில் ஒன்றுக்கும் கியர் பெட்டியை இறக்க வேண்டியதில்லை. முதலில் இரண்டு கம்ப்யூட்டர்களிலும் பதிவாகியிருக்கும் குற்றப் பட்டியலைப் படிக்க வேண்டும்.

எண்ணெயையும் மறக்கலாகாது. கிளட்ச் பிடிப்பதும் விடுவதும் எண்ணெயால்தான். அது கெட்டால் எந்தக் கணக்கும் பலிக்காது. ஆயுள் முழுவதும் எண்ணெய் மாற்ற வேண்டாம் என்று வண்டி விற்பவர்கள் சொல்வதுண்டு. யாருடைய ஆயுள் என்று அவர்கள் சொல்வதில்லை. கியர் பெட்டிகளைச் செய்யும் ஜெர்மனியின் இஸட்.எஃப். கம்பெனியே தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெய் மாற்றும்படி ஆலோசனை கூறுகிறது. மாற்றிய பிறகு சில நாள் கியர் முன்னைப்போல் இல்லை என்று தோன்றினால் அஞ்ச வேண்டாம். கிளட்சில் எண்ணெய் நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்பதை அந்தக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு மாற்றத்திலும் கவனித்துக் கற்றுக்கொள்கிறது. பழைய எண்ணெய்க்குக் கற்ற பாடத்தை அழித்து, புதிதாகக் கற்கச் செய்ய வேண்டியிருக்கலாம். வண்டி பின்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கும்போதே முன் கியருக்குத் தள்ளும் பழக்கத்தையும் விட வேண்டும். அந்த மோதலை எந்தக் கம்ப்யூட்டராலும் முழுக்கத் தணிக்க முடியாது.

இவ்வளவையும் கேட்ட சிலர், "அப்படியானால் என் கால் இட்டது கட்டளையல்லவா? நான் அழுத்துகிறேன், எஞ்சின் தணிகிறதென்றால் வண்டிக்கு எஜமான் யார்?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இக்காலத்து வண்டியில் காலை அழுத்துவது கட்டளை அல்ல, விண்ணப்பம். "எனக்கு இவ்வளவு வேகம் வேண்டும்" என்ற விருப்பத்தைத் தெரிவிக்கிறோம். எந்த வழியில், எந்தக் கணத்தில் என்பதை உள்ளே இருப்பவர்கள் கலந்துபேசி முடிவு செய்கிறார்கள். கெட்டிக்கார டிரைவர் தன் கையாலும் காலாலும் அடைந்த பெருமை இதனால் சற்றுக் குறையும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனம் வாய்க்காதவர்களும், கால் ஒத்துழைக்காதவர்களும் இதன் பயனாக யாருடைய கையையும் எதிர்பாராமல் ஊர் போய் வருகிறார்கள். இந்த லாபத்துக்கு முன்னால் அந்த நஷ்டம் பெரிதல்ல என்பது நம் கட்சி.

மின்சார மோட்டார் வண்டிகள் பெருகி வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே கியர்தான். மாற்றுவதும் இல்லை, உதறுவதும் இல்லை. ஆனாலும் பெட்ரோல், டீசல் வண்டிகள் இன்னும் பல வருஷம் நம் வீட்டு வாசல்களில் நிற்கும். அதுவரையில் நேயர்களுக்கு நாம் சொல்வது இதுதான். கியர் பெட்டியை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே பணப்பையைத் திறந்துவிடாதீர்கள். "முதலில் எஞ்சினையும் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள், ஐயா!" என்று மரியாதையாகக் கேளுங்கள். இரண்டு பேர் சேர்ந்து செய்யும் காரியத்தில் ஒருவரை மட்டும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது எந்த ஊர் நியாயம்?